பேசாச் சாமியின் ஊரில் ஒரு சனி ஞாயிறு

"அங்கதான இருக்க. ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்துடு பாப்பா" என்றாள் அம்மா, ஏதோ செங்கம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கடையைச் சொல்வது போல. நான் படித்துக்கொண்டிருந்தது உப்சாலாவில். அவள் எட்டிப் பார்க்கச் சொன்ன மனிதர் இருந்தது ஸ்வீடனின் வடக்கே. ஒரு பகலின் பெரும்பகுதியை ரயிலில் கழித்து, பிறகு பஸ் பிடித்துக் காட்டுக்குள் போக வேண்டும். அதுவும் ஜனவரியில். ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை ஸ்வீடன் என்பது ஒரே ஊர். அதில் இருக்கிறவர்கள் எல்லாம் காலையில் பால் வாங்கப் போகும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மனிதரின் பெயர் லார்ஸ். எங்கள் வீட்டில் பேசாச் சாமி. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தீபக் கூட்டம் வடிந்ததும் திருவண்ணாமலைக்கு வருவார். ஆசிரமத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்குவார். வெயில் உறைக்க ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மௌன விரதம். ஃபேன் ஓடவில்லை என்றால் விரலை மேலே சுற்றிக் காட்டுவார். தண்ணீர் வரவில்லை என்றால் பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டுவார்.

பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று அம்மா தானாக முடிவு செய்திருந்தாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்: "சாமீ! மோட்டாரு! ரிப்பேரு!" அதே நேரம் சாமியின் குளியல் பழக்கத்தைப் பற்றிய தன் அபிப்பிராயத்தைப் பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவிடம் சாதாரணக் குரலில், அவர் எதிரிலேயே சொல்வாள். வெள்ளைக்காரருக்குத் தமிழ் எங்கே புரியப் போகிறது.

அந்தச் சாமி இந்த வருடம் வரவில்லை. பழைய வாழ்த்து அட்டையில் இருந்த முகவரிக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். சில நாள் கழித்து என் போனுக்குப் பதில் வந்தது. ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். அதற்குக் கீழே ஸ்வீடிஷில் ஒரே சொல்: வா.

"உயிரோட இருக்காரு, சரி. அப்போ ஏன் வரல?" என்றாள் அம்மா. "நேர்ல போய்ப் பாரு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. மூஞ்சப் பாத்து நீயே கண்டுபுடி."

சென்னையிலிருந்து திரும்பிய தோழி மூலமாக அம்மா அனுப்பிய முறுக்கும், கீழ்பென்னாத்தூர் பெரியப்பா நிலத்து வேர்க்கடலையும் என்னிடம் இருந்தன. பாதியை நான் தின்றுவிட்டிருந்தேன். மீதியை மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன்.

ரயில் நன்றாகத்தான் போனது. ஜன்னலுக்கு வெளியே பனி, மரம், பனி, மரம் என்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அம்மாள் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "தண்டவாளத்தில் ஒரு காட்டுமான் நிற்கிறதாம். போகமாட்டேன் என்கிறதாம்."

எட்டிப் பார்த்தேன். மான் என்றதும் நான் நினைத்த மான் இல்லை அது. எருமைக்குக் கழுதை முகத்தை வைத்துக் காலை மட்டும் இழுத்து நீட்டிய மாதிரி ஒரு பிராணி. எங்கள் ஊராக இருந்தால் பத்து பேர் இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, அதில் ஒருவர் செல்ஃபி எடுத்து, எப்படியோ விரட்டியிருப்பார்கள். இங்கே ஒருவரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதற்கு அவசரமில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அம்மாள் எனக்கு ஓர் ஏலக்காய் பன் கொடுத்தார். நான் முறுக்கு கொடுத்தேன். அவர் கடித்தபோது எழுந்த சத்தத்தில்தான் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஊமியோவில் இறங்கும்போது மூக்குக்குள் இருக்கிற முடி உறைந்தது. அப்படி ஒன்று உறையும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னிய சடை, தொப்பிக்கு வெளியே பொங்கல் கரும்பு மாதிரி விறைத்து நின்றது. பஸ் நிறுத்தத்தில் உயரமான ஒருவர் நின்றிருந்தார். காற்றுக்கு மறைவாக அவர் பின்னால் போய் நின்றேன். அவர் ஓரடி தள்ளி நின்றார். நானும் ஓரடி தள்ளினேன். இப்படியே இருவரும் நிறுத்தத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்துசேர்ந்தபோது நல்லவேளையாக பஸ் வந்தது.

டிரைவரிடம் ஊர்ப் பெயரைக் காட்டி, "இது போகுமா?" என்று கேட்டேன். அவர் உதட்டைக் குவித்து, 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். பச்சை மிளகாயைக் கடித்தவர் இழுப்பாரே, அதே இழுப்பு. உடம்புக்கு ஏதோ என்று பயந்து மறுபடி கேட்டேன். மறுபடியும் 'ஷ்ஷுப்'. பின்னால் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, "ஆமாம் என்கிறார். இந்தப் பக்கம் ஆமாம் சொல்வது அப்படித்தான்" என்றாள். ஒரு முழுச் சொல்லை வெளியே விட்டால் வாய்க்குள் குளிர் போய்விடும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் போலும்.

மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிட்டது. பஸ்ஸில் கடைசியில் நானும் டிரைவரும்தான். நான் இறங்கிய இடத்தில் ஒரு விளக்குக் கம்பம், ஒரு தபால் பெட்டி, ஒரு பழைய சிவப்புக் கார். காரில் சாய்ந்தபடி பேசாச் சாமி. காவி வேட்டிக்குப் பதிலாகத் தடித்த நீலக் கோட்டு. நான் கைகூப்பி, கத்தினால்தான் கேட்கும் என்ற பழக்கத்தில், "சாமீ! நான்! பாப்பா!" என்று கத்தினேன்.

"இன்னாடி இவ்ளோ லேட்டு?" என்றார் அவர். "எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா? காலு ரெண்டும் செத்துப்போச்சு. சீக்கிரம் வண்டியில குந்து, குளிரு ஜாஸ்தி."

முறுக்கு மூட்டை என் கையிலிருந்து பனியில் விழுந்தது. குரல் ஆணுடையது. உச்சரிப்பில் ஸ்வீடன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அது என் அம்மா. அந்த இழுவை, அந்த அலுப்பு, 'காலு செத்துப்போச்சு' என்று சொல்லும்போது தோளைக் குலுக்குவதுகூட அம்மாதான்.

"நீங்க பேசுவீங்களா?"

"ஐயே, நல்லா கேட்ட போ. பேசாம யாரால இருக்க முடியும்?"

வீடு போய்ச் சேரும்வரை அவர் வாய் மூடவில்லை. சாலையை, எதிரே வந்த லாரியை, லாரிக்காரரின் குடும்பத்தை, அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நடந்ததை எல்லாம் சொன்னார். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தாராம். "பிரேக்கு, பிரேக்கு, கண்ணாடியப் பாருன்னு தொண்ட கிழியக் கத்துனேன் பாப்பா. ரிடையர் ஆனதும் வாய்க்கு லீவு வேணும்னு தோணுச்சு. இங்க எல்லாருக்கும் என்னத் தெரியும், லீவு குடுக்க மாட்டாங்க. உங்க ஊர்ல பேசாம இருந்தா மரியாதை. யாரும் ஏன்னு கேக்கல. காலுல வேற விழுந்தாங்க."

நானும் சின்ன வயதில் பரீட்சைக்கு முன்னால் அவர் காலில் விழுந்திருக்கிறேன். அதை அப்போது ஞாபகப்படுத்தவில்லை.

"தமிழ் எப்படி?"

"உங்க அம்மாதான். காலையில ஆரம்பிச்சா பொழுது போற வரைக்கும். மேல குளிக்கிற ரூம் ஜன்னலுக்குக் கீழதான துவைக்கிற கல்லு? நான் அங்கயே ஸ்டூல் போட்டுக் குந்திப்பேன்."

துவைக்கிற கல்லருகே எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம் கிடையாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும், காட்டுமான் கறிக் குழம்பும். தண்டவாளத்தில் நின்றதன் உறவுக்காரராக இருக்கும். நான் கரண்டியை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "நீங்க சைவம்னு அம்மா..."

"எங்கிட்ட எப்ப கேட்டாங்க?" என்றார், உண்மையான துக்கத்தோடு. "ஞாயித்துக்கிழமை ஆனா ஜன்னலையெல்லாம் சாத்திட்டு மட்டன் வெப்பாங்க. எனக்குத் தயிர் சாதம். வாசனை மட்டும் மாடிப்படி ஏறி வரும். என் வயித்தெரிச்சல் சும்மா விடாதுடி."

ஆனால் ஏன் இந்த வருடம் வரவில்லை என்று கேட்டபோது மட்டும் அவருடைய வாய் பழைய திருவண்ணாமலை வாயாகிவிட்டது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கத்து வழக்கமாம். பன்னீரை டிகாக்‌ஷனில் ஊறவைத்து, பல்லில் கீச்கீச்சென்று கடித்துத் தின்பது போல இருந்தது. நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லி, ஒரு துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் தங்கை பிரிட்டா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம்.

அக்கரைக்குப் போவது என்றால் சுற்றிப் போவோம் என்று நினைத்தேன். அவர் காரை நேராக ஏரிக்குள் இறக்கினார். அதாவது ஏரியின் மேல். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் விழுந்த பனியை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் பனிக்கட்டியையே சாலையாக்கி, ஓரத்தில் குச்சி நட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஏரிக்குள் வண்டி போனால் அடுத்த நாள் பேப்பரில் வரும். நான் அருணாசலேசுவரரை வேண்டிக்கொண்டேன். மனிதர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தார்.

ஏரிக்கு நடுவில் வந்தபோது சர்வ சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரல?"

"எந்த வீட்டுக்காரர்?"

"அதான், வேலூர் பையன். எஞ்சினியர். போட்டோவப் பாத்து மூக்கு கொஞ்சம் பெருசுன்னு உங்க அப்பா சொன்னாரே. கல்யாணம் ஆயிருக்குமே இந்நேரம்?"

"நிறுத்துங்க!" என்று அலறினேன்.

முப்பது வருடம் மாணவர்கள் அலறிய கணமே பிரேக்கை மிதித்த கால் அது. மிதித்துவிட்டது. கார் சத்தமே இல்லாமல், வெகு நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. காடு வந்தது, பிரிட்டா வீட்டுப் புகைபோக்கி வந்தது, நாங்கள் வந்த வழி வந்தது, மறுபடி காடு வந்தது. கடைசியில் ஓரத்துப் பனிமேட்டில் பின்பக்கத்தைச் சொருகிக்கொண்டு நின்றது.

இருவருக்கும் அடி ஒன்றும் இல்லை. கார் அசையவில்லை. அவர் தங்கைக்குப் போன் செய்தார். டிராக்டர் கொண்டுவருவதாகச் சொன்னாளாம். "அப்படியே சிரிச்சா" என்று கசப்போடு சேர்த்துக்கொண்டார். பிறகு, வேறு வழியில்லாமல், விஷயத்தைச் சொன்னார்.

போன வருடம் அவர் ஊருக்குக் கிளம்பும் சமயம், துவைக்கிற கல்லருகே அம்மா சரஸ்வதி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வேலூரிலிருந்து பாப்பாவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். கல்யாணம் கூடி வந்தால் மாப்பிள்ளையும் பாப்பாவும் வந்து தங்க மாடி அறை வேண்டும். சாமியை எப்படிக் காலி பண்ணச் சொல்வது என்று தெரியவில்லை. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

"அவங்க மாடிப்படி ஏறி வந்து, காலி பண்ணுங்கன்னு கத்தி சொல்லணும்" என்றார் லார்ஸ். "சொல்லிட்டு அழுவாங்க. எனக்குத் தெரியும். அதான், நானே வராம இருந்துட்டேன். அவங்களுக்குக் கஷ்டம் கம்மி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. என்னைக் கேட்காமலே எனக்குக் கல்யாணம். நான் இங்கே ஆராய்ச்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்க, அங்கே மாப்பிள்ளைக்கு மாடி அறை. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு அம்மாவுக்கு வீடியோ போட்டேன்.

திரையில் அம்மாவின் நெற்றியும் சீலிங் ஃபேனும் தெரிந்தன. "சாமியப் பாத்தியா? எப்படி இருக்காரு? இளைச்சிட்டாரா?"

"வேலூர் பையன் யாரும்மா?"

ஃபேன் ஒரு சுற்று சுற்றியது. "கேக்கல பாப்பா. சிக்னல் இல்ல போல. விட்டு விட்டு..."

"நல்லாவே கேக்குது அம்மா" என்றார் லார்ஸ் பக்கத்திலிருந்து.

"யாருடி அது, என்னை மாதிரியே மிமிக்ரி பண்றது?"

போனை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கைகூப்பினார். "வணக்கம் அம்மா. நான்தான் சாமி."

அம்மாவின் நெற்றி கீழே இறங்கி, இரண்டு கண்களும் திரைக்குள் வந்தன.

"அப்போ... இத்தன வருஷம்... கல்லாண்ட பேசுனதெல்லாம்..."

"ஷ்ஷுப்" என்றார் லார்ஸ்.

"இன்னா இழுக்கறாரு? மூச்சு முட்டுதா?"

"ஆமாங்கறாரும்மா."

"ஐயய்யோ! அந்தக் குளிக்கிற விஷயமும் கேட்டுச்சா?"

"இங்க அதுவே ஜாஸ்தி அம்மா" என்றார் அவர், பணிவாக.

"அதெல்லாம் அப்பால. வேலூர் பையன் விஷயம் சொல்லும்மா" என்று கத்தினேன். "அது வந்து பாப்பா..." என்று அம்மா ஆரம்பித்தாள். திரை கறுத்துவிட்டது. முப்பது சதவீதம் காட்டிய பேட்டரி குளிரில் செத்துப்போயிருந்தது.

"குடு இப்படி" என்று லார்ஸ் போனை வாங்கி, கோட்டுக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரத்துல உயிர் வரும்." சுற்றிலும் வெள்ளை ஏரி. நான் முறுக்கைப் பிரித்து நீட்டினேன். ஆளுக்கு இரண்டு தின்றோம். அம்மாவிடம் சொல்லாமல் வேறு நாட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே வேறு நாட்டில்தான் இருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சூடேறிய போனை ஆன் செய்து நான் திரும்பக் கொடுத்ததும் அக்குளுக்குள்ளேயே அடித்தது. இந்த முறை திரையில் அப்பா. அப்பா போனில் பேசுவதே அபூர்வம். 'சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்' என்பதோடு முடிந்துவிடும்.

"அவங்க வந்தாங்க பாப்பா" என்றார். "வந்து, பஜ்ஜி தின்னுட்டு, பொண்ணு படிச்சு முடிச்சதும் வந்துடணும், வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்னாங்க. காபி குடிச்சிட்டீங்கல்ல, கிளம்புங்கன்னுட்டேன்."

"மூக்கு?"

"மூக்கு சும்மா. போட்டோ வந்தப்பவே எனக்கு இஷ்டமில்ல. அம்மாகிட்ட சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"அதுக்கு ஒரு வாரம் எங்கிட்ட பேசாம இருந்தாரு, நானும்தான்" என்று அம்மாவின் குரல் வந்தது. "நீ அங்க பனியில தனியாக் கெடக்குற. ஆகாத கல்யாணத்த உங்கிட்ட சொல்லி உன் மனச ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் விடவில்லை. "இனிமே என்னைக் கேக்காம மாப்பிள்ளை பாக்க மாட்டேன்னு சொல்லு."

"பாக்கல."

"சாமி சாட்சியா சொல்லு."

அம்மா ஒரு நொடி தயங்கினாள். மற்ற நாளில் சுலபமாகச் சொல்லியிருப்பாள். இன்றைக்குச் சாமி நிஜமாகவே காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமி சாட்சியா பாக்க மாட்டேன்."

"நான் கேட்டுட்டேன்" என்றார் லார்ஸ்.

பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள். அவரிடம் அவள் கத்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை. "சாமி, ரூமு காலியாத்தான் கெடக்குது. யோகா சொல்லித் தர்றவங்க ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. குடுக்கல. உங்க பாயி, கொசுவலை எல்லாம் அப்படியே இருக்குது. நீங்க வராததுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு..."

லார்ஸ் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "வரேம்மா" என்றார்.

டிராக்டரில் பிரிட்டா வந்து சேர்ந்தாள். எழுபதை நெருங்குகிற, கட்டைகுட்டையான பெண்மணி. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்து, எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் அண்ணனிடம் சொன்னாள்: "இந்த ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. நல்லவேளை, ஊர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், நான் சொல்லிவிடுவேன்." கயிறு கட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்தாள். அவள் வீட்டில் சாப்பிட்டது உருளைக்கிழங்கு மாவில் பிடித்த சாம்பல் நிறக் கொழுக்கட்டை. உள்ளே பூரணம் இருக்கும் என்று கடித்தேன், பன்றிக்கறி இருந்தது. வெண்ணெயும் சிவப்புப் பழ ஜாமும் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு நான்கு தின்றுவிட்டு மூவரும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதால் ஊமியோ ரயில் நிலையம்வரை அவரே காரில் கொண்டுவிட்டார். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அம்மா அழைத்தாள். எடுத்து, "சொல்லும்மா" என்றேன்.

"சாமி இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். மட்டன் குழம்பில் தேங்காய் போட்டால் பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்றார். சரஸ்வதி அக்காவின் மருமகளைப் பற்றி அவர் கேட்டார். அம்மா சொன்னாள். போன வருடம் பாதியில் நின்றுபோன கதையாம் அது. என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவருக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லையாம். காடும் பனியும் பின்னால் போக, எங்கள் சந்து முழுவதும் காருக்குள் வந்துவிட்டது. விமானச் சீட்டு எடுத்ததும் முதலில் தனக்குத்தான் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.

"அங்க வந்தா மறுபடியும் பேச மாட்டேம்மா. வாய்க்கு லீவு வேணும்" என்றார் லார்ஸ்.

"நீங்க பேச வாணாம் சாமி. நான் பேசறேன். ஆனா கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருக்கக் கூடாது. தலையையாவது ஆட்டணும்."

நிலையம் வந்தது. பிளாட்பாரத்திலும் பேச்சு முடியவில்லை. என் பையை அவர் ஒரு கையில் பிடித்திருந்தார், என் போனை இன்னொரு கையில். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. போனை அவர் கையிலிருந்து மெல்லப் பிடுங்கி, பையை வாங்கிக்கொண்டு, அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது. போனுக்குள் அம்மா மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா" என்றேன்.

"சாமி?"

"நான்தாம்மா. ரயில் ஏறிட்டேன்."

"ஓ, நீயா" என்றாள் அம்மா.